சில்லறைக் கணக்கு

உறையூர்க்காரர்களுக்கு ஸ்ரீரங்கத்தின் மேல் பரம்பரையாக ஒரு மனத்தாங்கல் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம், ஆனாலும் உண்டு. காரணம் இதுதான். எங்கள் ஊர்க் கமலவல்லி நாச்சியார் சோழராஜன் வளர்த்த பெண். மணந்தால் அரங்கனைத்தான் மணப்பேன் என்று பிடிவாதமாக இருந்து மணந்தவள். மணந்து என்ன கண்டாள்? வருஷத்தில் ஒரே ஒரு நாள், பங்குனி ஆயில்யத்தன்று, நம்பெருமாள் பல்லக்கில் காவிரியைத் தாண்டி வந்து அவளோடு சேர்த்தியாக எழுந்தருளியிருக்கிறார். மற்ற நாட்களிலெல்லாம் அவள் வடக்கே ஸ்ரீரங்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஒரு நாளுக்கும் அக்கரையில் நடக்கிற ரகளையைக் கேட்க வேண்டாம். பங்குனி உத்தரத்தன்று ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொண்டுவிடுகிறாள். எங்கே போயிருந்தீர் என்று கேள்வி, ஏதேதோ சமாதானம், அதை நம்பாமல் மறுபடியும் கேள்வி. கடைசியில் நம்மாழ்வார் வந்து நடுவில் நின்று தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. பிரணய கலகம் என்று இதற்குப் பெயர். பார்க்கக் கூட்டம் தாங்காது.

பெருமாள் பக்கத்து நியாயமும் தாயார் பக்கத்து நியாயமும் இப்படி வருஷா வருஷம் உத்ஸவமாகவே நடந்துவிடுகின்றன. ஆனால் பல்லக்கு ஆற்றைத் தாண்டிப் போன பிறகு, கூட்டம் கலைந்து விளக்குகள் மங்கின பிறகு, உறையூரில் நாச்சியார் என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? மறுநாள் காலையில் தோழியிடம் முதல் வார்த்தையாக எதைப் பேசியிருப்பாள்? இந்த மாதிரிக் கேள்வி நம் பெரிய கவிகளுக்கு அவ்வளவாகத் தோன்றுவதில்லை. இதைக் கேட்கத் தெரிந்த ஓர் அம்மாள் இருந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் இருந்தது ஸ்ரீரங்கத்தில்; அவர் பெயரும் ரங்கநாயகி.

ரங்கநாயகி தாத்தம் பிறந்தது 1905-இல். 1986 வரை வாழ்ந்தார். பத்து வயதில் கல்யாணம். புகுந்த இடம் ஸ்ரீரங்கத்தில் ஆசாரம் மிகுந்த வைஷ்ணவக் குடும்பம்; கூட்டுக்குடும்பம். போதாததற்கு, இளம் வயதிலேயே அவருக்குக் காது கேட்பது குறைந்துபோயிற்று. நாலு ஓரகத்திகளும் நாத்தனார்களும் புழங்குகிற வீட்டில் காது கேளாத நாட்டுப்பெண்ணாக இருப்பது என்ன வாழ்க்கை என்று யோசித்துப் பாருங்கள். எதிரே வாய்கள் அசைகின்றன. திடீரென்று எல்லோரும் சிரிக்கிறார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டால் ஒருத்தி பொறுமையாகச் சொல்வாள். இன்னொருத்தி, 'ஒன்றுமில்லை' என்று கையை ஆட்டிவிடுவாள். அப்படிப்பட்ட நிசப்தத்திலிருந்துகொண்டு அவர் படித்தார். படித்ததோடு நிற்காமல் எழுதவும் தொடங்கினார். குமுதினி என்று பெயர் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர் நாச்சியார் பெயரில் தாமரை. அக்கரை அம்மாள் பெயரில் ஆம்பல்.

1934-இல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீதாதேவியின் கடிதங்கள் அவை. அயோத்திக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண் மிதிலையிலிருக்கும் தாயாருக்கு எழுதுகிறாள். ராமாயணத்தை எத்தனையோ மகான்கள் பாடியிருக்கிறார்கள். வில் முறிந்ததைப் பாடினார்கள். வரம் கேட்டதைப் பாடினார்கள். கடல் கடந்ததைப் பாடினார்கள். புதிதாகக் கல்யாணமான பெண் பிறந்தகத்துக்குக் கடிதம் போட்டால் எதைப் பற்றி எழுதுவாள் என்று குமுதினி கேட்டுக்கொண்டார். நம் வீட்டுப் பெண்கள் எதைப் பற்றி எழுதுவார்களோ அதைப் பற்றித்தான். புடவையைப் பற்றி. அயோத்தியில் எந்த மாதிரி உடுத்துகிறார்கள், மிதிலையிலிருந்து வந்தது இங்கே எடுபடுமா, பட்டாபிஷேகத்துக்கு எதை உடுத்துவது என்ற கவலைகள்.

வாசிக்கிறவர் சிரித்துக்கொண்டே வருவார். பட்டாபிஷேகத்துக்கு ஏற்பாடு நடக்கிறதல்லவா? அந்தச் சிரிப்போடேயே கடைசிக்கு வந்து சேர்வார். அங்கே பட்டாபிஷேகம் இல்லை, காடு. காட்டுக்குப் போகிறவளுக்குப் பட்டுப் புடவை எதற்கு? கைகேயியின் கோபம், தசரதனின் மூர்ச்சை, ஊராரின் அழுகை எல்லாம் கடிதத்துக்கு வெளியே, நமக்குத் தெரிந்த கதையில் நடந்துகொண்டிருக்கின்றன. குமுதினி அவற்றைத் தொடவில்லை. ஒரு சாம்ராஜ்யம் தலைகீழாகப் புரண்டதை ஒரு புடவை வேண்டாமென்று ஆனதிலேயே காட்டிவிட்டார். இதை வெறும் ஹாஸ்யம் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடத் தயார்.

மேலும், நான் உறையூர்க்காரன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். எங்களிடம் வந்து புடவை அற்ப விஷயம் என்று சொல்லக்கூடாது. ஏறக்குறைய 1900 வருஷங்களுக்கு முன்னால், செங்கடலிலிருந்து இந்தப் பக்கம் வரை நடந்த வியாபாரத்தைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஒருவர் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்ற குறிப்பு இருக்கிறது. அதில் 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அது உறையூர்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அப்போது இங்கே அரசாண்ட சோழன் பெயர் என்ன என்று அந்த மனிதர் எழுதவில்லை. துணியைத்தான் எழுதினார்.

குமுதினி தம் எழுத்துக்களைச் சேர்த்து 1948-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டபோது அதற்குச் 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்' என்று பெயர் வைத்தார். பிறர் சொல்வதற்கு முன்னால் தாமே சொல்லிவிட்டார் பாருங்கள்! நீங்கள் இதைச் சில்லறை என்பீர்கள். சரி, நான் சில்லறைக் கம்பெனியே நடத்துகிறேன், வாருங்கள் என்கிறார். 'திவான் மகள்' என்று நாவலும் எழுதினார். காந்தி வழியில் நின்று கதர் உடுத்தினார். திருச்சியில் பெண்களுக்காகச் சேவா சங்கம் அமைப்பதில் முன்னின்றார். ஆனால் எனக்கு அவர் முதலில் அந்தச் சில்லறைக் கம்பெனியின் முதலாளிதான்.

சில வருஷங்களுக்கு முன் இந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். கட்டுரை அலமாரியில் இல்லை. கதை அலமாரியிலும் இல்லை. அங்கே இருந்த பையன் நல்லவன். அரை மணி தேடி, முகமெல்லாம் தூசியோடு எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான்.

"எங்கே இருந்ததப்பா?"

"வர்த்தகம் சார். கம்பெனிச் சட்டத்துக்கும் கணக்குப் பதிவுக்கும் நடுவிலே."

"அங்கே எப்படிப் போயிற்று?"

"லிமிடெட்னு போட்டிருக்கே, சார்!"

சிரித்துவிட்டேன். பிறகு பின் அட்டையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். கடைசியாகத் தேதி முத்திரை விழுந்தது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். சிரிப்பு நின்றுபோயிற்று.

இதை ஒரு சிநேகிதரிடம் சொன்னேன். இலக்கிய விஷயத்தில் கறாரானவர். "அந்த அம்மாள் நன்றாகத்தான் எழுதுவார். ஆனால் நம் இலக்கியத்தில் புதுமை செய்தவர்கள் யார்? 1933-இல் மணிக்கொடி கிளம்பியது. அது ஒரு புரட்சி. 1942-இல் நம் திருச்சியிலிருந்தே கலாமோகினி வந்தது. துறையூரிலிருந்து கிராம ஊழியன் வந்தது. அந்த வரிசையில் இந்தப் புடவைக் கடிதத்தை எங்கே ஐயா கொண்டுபோய் வைப்பீர்?" என்றார்.

அவர் சொன்ன பத்திரிகைகளின் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் அவர் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு நான் போனது ரஷ்யாவுக்கு.

நம்மவர்களுக்கு ரஷ்ய இலக்கியம் புதிதல்ல. மாஸ்கோவில் அச்சாகி வந்த மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு காலத்தில் நம் வீடுகளில் டால்ஸ்டாயையும் கார்க்கியையும் மயகோவ்ஸ்கியையும் குடியேற்றிவைத்தன. ஆனால் எலேனா கூரோ என்ற பெயரைச் சொன்னால், வாசகர்களே, உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஷ்யாவிலேயே நெடுங்காலம் பலருக்குத் தெரியாது.

1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு ராணுவ அதிகாரியின் மகளாகப் பிறந்தவர் அவர். ஓவியம் கற்றார், கூடவே எழுதினார். மிகயீல் மட்யூஷின் என்ற பிடில் வித்வானை மணந்தார், அவரும் ஓவியர். இருபதாம் நூற்றாண்டில் உலகத்து ஓவியத்தையும் கவிதையையும் குலுக்கியெடுத்தவை என்று பின்னால் பேர் வாங்கிய சோதனைகள் பல, இந்தத் தம்பதி வீட்டு வரவேற்பறையைச் சுற்றித்தான் முளைத்தன. க்லேப்னிகோவ், மாலெவிச் போன்றவர்கள் அங்கே பழகியவர்கள். 'கொக்கு' என்று பொருள்படும் பெயரில் அந்தத் தம்பதி ஒரு பிரசுராலயமும் நடத்தினார்கள். 1910-இல் இந்தக் கூட்டத்தார் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். சுவரில் ஒட்டும் பூக்காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சடித்த புத்தகம் அது! அதில் கூரோவின் எழுத்தும் உண்டு.

1912-இல் அந்தக் கூட்டத்து இளைஞர்கள் நால்வர், பொதுஜன ரசனைக்கு ஓர் அறை என்று தலைப்பிட்டு அறிக்கை விட்டார்கள். புஷ்கினையும் டால்ஸ்டாயையும் நவீன காலத்தின் கப்பலிலிருந்து தூக்கி எறிய வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. அறையும் சத்தம் இன்றுவரை சரித்திரத்தில் கேட்கிறது. அந்த அறிக்கையில் கூரோ கையெழுத்துப் போடவில்லை. அவர் யாரையும் எறிய விரும்பினவராகத் தெரியவில்லை. அவர் எழுதியது பைன் மரங்களை, பூனைகளை, ஓர் அறையில் மாலை வெளிச்சம் விழுவதை, உலகத்தில் எப்படி நடந்துகொள்வதென்று தெரியாத, நெட்டையான, கூச்சமான ஒரு பையனை. கவிதையா வசனமா என்று பிரிக்க முடியாதபடி எழுதினார். எழுத்துக்கு நடுவே தாமே சின்னச் சின்னப் படங்கள் போட்டார். அது 1909-இலேயே அவர் செய்துவிட்ட புதுமை. அந்த வருஷம் வந்த அவருடைய முதல் புத்தகத்தின் பெயர் 'தெருப்பாடகனின் இசைப்பெட்டி' என்று பொருள்படும். விற்கவில்லை. பிரதிகள் கடையிலிருந்து வீட்டுக்கே திரும்பி வந்தன.

அவருக்குக் குழந்தை இல்லை. வில்லெம் என்று ஒரு மகன் இருந்து இறந்துபோனதாகக் கற்பித்துக்கொண்டார். அவன் முகத்தை வரைந்தார். 1912-இல் வந்த 'இலையுதிர்காலக் கனவு' என்ற புத்தகத்தை அவனுக்கே சமர்ப்பணம் செய்தார். மட்யூஷின் அதற்குப் பிடில் இசை எழுதி, அந்த ஸ்வரக் குறிப்பும் புத்தகத்திலேயே அச்சாயிற்று. மறு வருஷம், 1913-இல், ரத்தப் புற்றுநோயால் கூரோ காலமானார். 'வானத்து ஒட்டகக் குட்டிகள்' என்ற புத்தகம் அவருக்குப் பிறகு 1914-இல் வந்தது. அவர் எழுதிவைத்தவற்றில் ஒரு பகுதியைச் சேர்த்துப் புத்தகமாக்க 1988 ஆயிற்று, அதுவும் ஸ்டாக்ஹோமில்.

இப்போது என் சிநேகிதர் கேள்விக்கு வருகிறேன். புதுமை என்றால் நாம் சத்தத்தைத் தேடுகிறோம். அறிக்கை விட்டவர் யார், மேஜையைக் குத்தியவர் யார், யாரை யார் தூக்கி எறிந்தார் என்று பார்த்துச் சரித்திரம் எழுதுகிறோம். கூரோவும் குமுதினியும் ஒன்றையும் எறியவில்லை. நிற்கிற இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். சபையின் நடுவிலிருந்து பார்க்காமல், வீட்டுக்குள்ளிருந்து பார்த்தார்கள். பார்த்ததும் பெரிய சங்கதியெல்லாம் சின்னதாகவும் சின்னச் சங்கதியெல்லாம் பெரிதாகவும் தெரிந்தன. அதற்கேற்ற சின்ன வடிவங்களையும் கண்டுபிடித்துக்கொண்டார்கள்: ஒருத்தருக்குக் கடிதம்; இன்னொருத்தருக்கு நாலு வரி வசனமும் ஒரு கோட்டோவியமும். சின்னது என்று நாம் கணக்கில் எழுத மறந்தோம்.

இது இன்று நேற்று நடப்பதுமல்ல. எங்கள் உறையூருக்கே ஒரு பழைய சாட்சி உண்டு. சங்க நூல்களில் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்று ஒரு புலவர். கோழி என்பது உறையூரின் பெயர். நாய்கன் என்றால் வியாபாரி. உறையூர் வியாபாரி வீட்டுப் பெண் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. புறநானூற்றில் மூன்று, நற்றிணையில் இரண்டு, அகநானூற்றில் ஒன்று, ஆக ஆறு பாட்டு. புறப்பாட்டு மூன்றும் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் மேல் வைத்த காதல். அவன் மல்லனோடு பொருகிறான். ஊரில் பாதிப் பேர் அவன் ஜெயித்தான் என்கிறார்கள்; பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். இந்தப் பெண் சிலம்பு ஒலிக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் ஜெயித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறாள். களத்தின் நடுவில் நின்று வீரத்தைப் பாடியவர்கள் அநேகம் பேர். வீட்டுப் பனைமரத்தடியிலிருந்து பார்த்துப் பாடினவள் இவள். சீதை கடிதம் எழுதிய இடமும் அந்தப் பனைமரத்துக்கு ரொம்ப தூரத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்தி நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது எங்கள் குடும்பச் சமாசாரம்.

எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து உறையூருக்குத் திரும்பி வந்தவள். வீட்டு வரவு செலவுக் கணக்கு முழுவதும் அவள் கையில். தினமும் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவாள். அரைமணியில் முடிகிற கணக்குக்கு ஏன் இவ்வளவு நாழி என்று என் தகப்பனார் முணுமுணுப்பார். வருஷத்துக்கு ஒரு நோட்டாக இருபது நோட்டுக்கு மேல் சேர்ந்திருந்தன. அவள் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது அவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போயின. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கணக்கு நோட்டைக் கணக்கு நோட்டு என்றுதானே நினைப்பார்கள்?

ஒரே ஒரு நோட்டு தப்பியது. ஆடுகிற கட்டிலின் கால் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. வெகு காலம் கழித்து அதை எடுத்துப் பிரித்தேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "தயிர் இரண்டணா. புளித்திருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை." இன்னொரு பக்கத்தில்: "ஆடிப் பதினெட்டு. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போயிற்று. செலவு இல்லை." இன்னொன்று, செலவுப் பத்தியில், அரிசிக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவில்: "மல்லிகை. வாங்கவில்லை." எதிரே தொகை எழுத வேண்டிய இடத்தில் சுத்தமாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தாள்.

அத்தையைக் குமுதினியின் பக்கத்தில் உட்காரவைக்க நான் துணியமாட்டேன். குமுதினி தெரிந்தே எழுதியவர், திருத்தி எழுதியவர், ஆயிரக்கணக்கான வாசகர்களைச் சிரிக்கவைத்தவர். அத்தை தனக்காக எழுதிக்கொண்டவள். ஆனால் குமுதினியைப் படித்துப் பழகிய கண் எங்கள் வீட்டில் ஒன்றாவது இருந்திருந்தால், தராசுக்குப் போகிற நோட்டை ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கும். அதைத்தான் சொல்ல வருகிறேன். ஓர் எழுத்தாளரை மறந்தால் அவர் புத்தகம் மட்டும் போவதில்லை. அவர் காட்டிக்கொடுத்த இடங்களைப் பார்க்கும் பழக்கமும் கூடவே போய்விடுகிறது.

குமுதினியின் சீதை இப்போது மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கிறாள். 2008-இல் பாலா ரிச்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, தென்னிந்தியாவின் நவீன ராமாயணக் கதைகளைத் தொகுத்தபோது அந்தக் கடிதங்களை இங்கிலீஷில் சேர்த்தார். மறு வருஷம் சீதையைப் பற்றி டில்லியில் வந்த ஒரு தொகுப்பிலும் அவை இடம்பெற்றன. சந்தோஷம். ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டவள் அமெரிக்கா போய் இங்கிலீஷ் பேசிக்கொண்டு உறையூருக்கு வர வேண்டியிருக்கிறதே! நடுவில் இருப்பது ஒரு காவிரிப் பாலந்தானே?

கூரோவை அடக்கம் செய்தது பின்லாந்துப் பக்கத்து ஒரு கிராமத்தில், பைன் மரங்களுக்கு இடையே. அங்கே மட்யூஷின் ஒரு பெஞ்சு போட்டு, அதில் ஒரு பெட்டி அமைத்து, பெட்டிக்குள் மனைவியின் புத்தகங்களை வைத்தார். இஷ்டமுள்ளவர்கள் எடுத்து உட்கார்ந்து படிக்கலாம். படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும் என்று எழுதியும் வைத்தார். கடையில் விற்காத புத்தகத்துக்கு அந்த மனிதருக்குத் தெரிந்த வழி அது.

எனக்குத் தெரிந்த வழியை நானும் செய்தேன். கெடு முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதே பையன் இருந்தான். "இதை வர்த்தகத்திலே வைக்காதே அப்பா. நாவல்கள் இருக்கிற இடத்திலே வை" என்றேன்.

"இது நாவல் இல்லையே, சார்?"

"இல்லைதான். இருந்தாலும் அங்கே வை. நாவல் தேடி வருகிற யாராவது கை தவறி எடுப்பார்கள்."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு புத்தகத்தைப் பிரித்து, நின்றபடியே ஒரு பக்கம் படித்தான். உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நான் ஒரு வாரம் வைத்துக்கொண்டு அப்புறம் வைக்கிறேன், சார்" என்று சொல்லி, முத்திரையை எடுத்துத் தேதியைத் திருப்பினான்.